அச்ச இரவில் ஓர் அபயதானம்

இல்லறத்தார்க்கு வரும் அற ஐயங்கள் பெரும்பாலும் பெரிய உருவில் வருவதில்லை. போர் வேண்டுமா, வேண்டாமா என்று நம்மை எவரும் கேட்பதில்லை. அரசுகளை ஆக்கவும் அழிக்கவும் நம்மை எவரும் அழைப்பதில்லை. சிறு குழந்தை ஒன்று கேட்கும் சிறு வினாவின் வடிவில்தான் அறம் நம் வாயிலில் வந்து நிற்கிறது. அவ்வாறு வந்த வினா ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டில் தமிழகத்தில் தீபாவளி அக்டோபர் 31ஆம் நாளில் அமைந்தது. பாவாபுரியில் பகவான் மகாவீரர் வீடுபேறு எய்தியதை நினைந்து வைகறையில் விளக்கேற்றி, ஜினாலயம் சென்று மீண்டிருந்தோம். மாலை நான்கு மணி இருக்கும். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் வாழும் என் மகள் வயிற்றுப் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்கு எட்டு வயது. அங்கே அப்போது காலை ஆறரை மணி. பள்ளிக்குப் புறப்படும் நேரம்.

"தாத்தா, இன்று இங்கே ஹாலோவீன். என் வகுப்பில் எல்லோரும் மாலையில் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் வாங்குவார்கள். அம்மாவிடம் கேட்டால், தாத்தாவைக் கேள் என்கிறாள். நான் போகலாமா?"

உடனே விடை கூற என் நா எழவில்லை. 'போகாதே' என்பது எளிது. ஆனால் வகுப்பில் தான் ஒருத்தி மட்டும் ஒதுங்கி நிற்பது அக்குழந்தைக்கு எளிதன்று. 'போ' என்பது அதனினும் எளிது. ஆனால் பேயும் பிசாசும் குருதிச் சாயமும் கொண்டாடும் ஓர் இரவுக்கு, விளக்கேற்றிய கையோடு நான் எவ்வாறு விடை கொடுத்தனுப்புவேன்? "பள்ளி விட்டு வந்ததும் நானே அழைக்கிறேன், அம்மா" என்றேன். அவள் வீடு திரும்பும்போது இங்கே நள்ளிரவு கடந்துவிடும். அதுவரை எனக்குக் கிடைத்த எட்டு மணி நேரத்தில் எண்ணியவையும், அதன்பின் ஓராண்டு படித்தறிந்தவையும் இக்கட்டுரையாயின. கடல் கடந்து வாழும் மக்களையும் பேரர்களையும் உடைய குடும்பங்கள் நம்மிடையே பல. இவ்வினா என் பேத்திக்கு மட்டும் உரியதன்று.

விழாவின் வேர்

ஒரு விழாவைப் பழிப்பதற்கும் புகழ்வதற்கும் முன் அதன் வேரை அறிதல் வேண்டும்.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்ட் இனத்தார் அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் நாளைச் 'சவின்' என்னும் விழாவாகக் கொண்டாடினர். அன்றிரவு இவ்வுலகிற்கும் மறுவுலகிற்கும் இடையேயுள்ள திரை மெலிகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. பின்னர்க் கிறித்தவத் திருச்சபை நவம்பர் 1ஆம் நாளைப் புனிதர் அனைவர்க்கும் உரிய திருநாளாகவும், 2ஆம் நாளை இறந்தோர் அனைவரையும் நினையும் நாளாகவும் வகுத்தது. புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரே சுருங்கி 'ஹாலோவீன்' ஆயிற்று.

இடைக்கால இங்கிலாந்தில் இந்நாள்களில் ஏழையர் வீடு வீடாகச் செல்வர். வீட்டார் சிறு அப்பங்களை வழங்குவர். பெற்றவர்கள் அவ்வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வர். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் சிறுவர் வேடமிட்டுச் சென்று, பாட்டோ கூத்தோ நிகழ்த்திப் பழமும் கொட்டையும் பெற்றனர். டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைத்தனர். 1845இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தால் ஐரிஷ் மக்கள் பல இலட்சம் பேர் அமெரிக்கா சென்றபோது இவ்வழக்கங்களும் உடன் சென்றன. அங்கே கிழங்கிற்கு மாற்றாகப் பறங்கிக்காய் கிடைத்தது. பெரிதாகவும் குடைவதற்கு எளிதாகவும் இருந்ததால் அதுவே நிலைத்தது.

இவ்வேரைக் காணும்போது இரண்டு செய்திகள் புலனாகின்றன. ஒன்று, இறந்தோரை நினைத்தல். மற்றொன்று, இரப்போர்க்கு ஈதல். இவ்விரண்டில் எதையும் நாம் இகழ இயலாது. 1950ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரை அடுத்து வாழ்ந்த ஒரு பாதிரியாரும் அவர் மனைவியும், மிட்டாய் கேட்டுச் செல்லும் சிறுவர்களின் கையில் பால் அட்டைப்பெட்டிகளைக் கொடுத்துத் துன்புறும் குழந்தைகளுக்காகக் காசு திரட்டச் செய்தனர். முதலாண்டில் சேர்ந்தது 17 டாலர். அதனை ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யுனிசெஃபுக்கு அனுப்பினர். அதுவே பின்னர் நாடு தழுவிய பணியாக வளர்ந்தது. ஆகவே அந்த இரவின் நெஞ்சில் ஈகை இன்னும் முற்றிலும் அணைந்துவிடவில்லை.

வேரின்மேல் வளர்ந்தவை

ஆயினும் வேர் நன்றாக இருப்பதனால் கிளையெல்லாம் நன்றாகிவிடா. அமெரிக்கத் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு, 2023ஆம் ஆண்டு ஹாலோவீனுக்கென்று அந்நாட்டு மக்கள் செய்யும் செலவை 1,220 கோடி டாலர் என மதிப்பிட்டது. இச்செலவு எங்கே செல்கிறது, யார் மீது விழுகிறது என்று பார்ப்போம்.

முதலாவது உடை. ஓரிரவு உடுத்திக் களையும் வேட உடைகளில் பெரும்பகுதி பாலியெஸ்டர் முதலிய செயற்கை இழையால் ஆனவை. பிரிட்டனில் ஃபேரிலேண்ட் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை 2019இல் 19 வணிக நிறுவனங்கள் விற்ற 324 உடைப்பொருள்களை ஆராய்ந்தது. அவற்றின் மூலப்பொருளில் 83 விழுக்காடு எண்ணெயிலிருந்து பெறும் பிளாஸ்டிக்காக இருந்தது. குழந்தை ஓரிரவு உடுத்தியது மண்ணில் பல தலைமுறைக் காலம் மட்காமல் கிடக்கிறது.

இரண்டாவது பறங்கிக்காய். அமெரிக்காவில் ஆண்டுதோறும் நூறு கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட பறங்கிக்காய் விளைகிறது. குடைந்து வாயிலில் வைத்த காய்களில் மிகப் பல, நவம்பர் முதல் வாரத்தில் குப்பைமேட்டைச் சேர்கின்றன. காற்றுப் புகாத குப்பைமேட்டில் அவை அழுகும்போது மீத்தேன் வாயு எழுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேலாகப் புவியை வெப்பமாக்குவது அது. உண்பதற்கென்று விளைந்த ஓரறிவுயிர், பசித்தோர்க்கும் பயன்படாமல் நிலத்திற்கும் பயன்படாமல் வீணாகிறது.

மூன்றாவது மிட்டாய். மென்று தின்னும் மிட்டாய்கள் பலவற்றில் ஜெலட்டின் கலந்துள்ளது; அது மாடு, பன்றி முதலியவற்றின் தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுப்பது. மிட்டாயின் மேற்பளபளப்புக்கு அரக்குப் பூச்சியிலிருந்து பெறும் அரக்கையும், செந்நிறத்திற்குக் கொச்சினீல் என்னும் பூச்சியை உலர்த்தி அரைத்த சாயத்தையும் சேர்ப்பதுண்டு. சாக்கலேட்டில் இவை இல்லாமல் இருக்கலாம். ஆனால் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா என்னும் இரு நாடுகளில் மட்டும் ஏறத்தாழ 15.6 இலட்சம் குழந்தைகள் கொக்கோ விளைச்சலில் உழைப்பதாகக் கணக்கிட்டது. ஒரு குழந்தையின் கையில் விழும் இனிப்பு, வேறொரு குழந்தையின் கையைப் புண்ணாக்கி வந்திருக்கலாம்.

நான்காவது, தோட்டத்துச் செடிகளின்மேல் விரிக்கும் செயற்கைச் சிலந்தி வலை. மெல்லிய செயற்கை இழையால் ஆன இவ்வலையில் சிறு பறவைகளும் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் சிக்கி மாள்கின்றன. வேடிக்கைக்காகக் கட்டிய வலை என்பதைச் சிட்டுக்குருவி அறியுமா? அதற்கு அது மெய்யான வலையே.

மாக்கோழியும் போலிக் குருதியும்

இனி, நம் மரபினர்க்கே உரிய ஒரு வினாவைக் கேட்போம். பொய்யாகச் செய்யும் வன்முறை பாவமாகுமா? பிளாஸ்டிக் கத்தி எவரையும் வெட்டுவதில்லை, செஞ்சாயம் குருதியன்று, வாயிலில் தொங்கும் எலும்புக்கூடு எவருடையதும் அன்று. 'எல்லாம் விளையாட்டு' என்று கூறிவிடலாமே?

யசோதர காவியத்தைக் கற்றோர் இதனை அவ்வளவு எளிதில் கூறிவிட மாட்டார்கள். உயிர்ப்பலிக்கு உடன்படாத யசோதர மன்னன், தாயின் வற்புறுத்தலுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழி ஒன்றைத் தேவியின் முன் வாளால் வெட்டினான். அம்மாக்கோழிக்கு உயிர் இல்லை. ஓர் எறும்பும் இறக்கவில்லை. ஆயினும் அவனும் தாயும் பல பிறவிகளில் விலங்காகவும் பறவையாகவும் பிறந்து துன்புற்றனர் என்று காவியம் கூறுகிறது. கொலை வாளில் இல்லை. எண்ணத்தில் இருக்கிறது என்பதே அதன் உட்பொருள்.

இக்கதையைக் கொண்டு ஹாலோவீன் முழுவதையும் விலக்கிவிடலாம் என்றே அன்று மாலை முதலில் எண்ணினேன். பின்னர் மீண்டும் எண்ணிப் பார்த்தேன். யசோதரன் வெட்டியது மாவைத்தான். ஆனால் உயிர்க்கொலையின் பயனைப் பெறவேண்டும் என்னும் கருத்தோடு வெட்டினான். கோழியைக் கொன்றதாகவே தேவி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று விரும்பினான். அவ்விருப்பமே வினையாயிற்று. வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு 'பே' என்று ஒலியெழுப்பும் குழந்தையின் உள்ளத்தில் அவ்விருப்பம் இருக்கிறதா? எவரும் இறக்கவேண்டும் என்று அது எண்ணுகிறதா? தன் அச்சத்தைத் தானே தொட்டுப் பார்த்துச் சிரிக்கிறது, அவ்வளவே. எனவே வேடம் குற்றமன்று. வேடத்தின் உள்ளே இருக்கும் கருத்தே குற்றத்தையும் குணத்தையும் வகுக்கிறது.

ஆனால் வெட்டுண்ட கையும் குருதி வழியும் முகமும் இதனின் வேறு. அவை பிறர் துன்பத்தைக் கண்டு களிக்கும் பழக்கத்தைக் கண்ணுக்கு ஊட்டுகின்றன. பிறர் துன்பம் கண்டு உருகவேண்டிய உள்ளம் அதனைக் கண்டு சிரிக்கப் பழகுமாயின், அது மாக்கோழியின் பக்கம் ஓரடி எடுத்து வைத்துவிட்டது. இவ்வேறுபாட்டைக் குழந்தைக்குச் சொல்லித் தரலாம். சொன்னால் அது விளங்கிக்கொள்ளும்.

பேயைப் பற்றியும் ஒரு சொல். பூதம், பிசாசு என்பன வியந்தர தேவர் வகையைச் சேர்ந்தவை. இறந்தவர் எழுந்து வருவதன்று. உடலை நீங்கிய உயிர் தன் வினைக்கேற்ற மறுபிறவியைக் கணப்பொழுதில் சென்றடைகிறது. வாயிலில் வந்து நின்று அச்சுறுத்த அதற்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. இதனை அறிந்த குழந்தை அவ்விரவில் எல்லாரோடும் சிரிக்கலாம். எதற்கும் நடுங்க வேண்டியதில்லை.

பயனில்லாத தீங்கு

இல்லறத்தார் எல்லாத் தீங்கையும் நீக்கிவிட இயலாது. உலை ஏற்றினால் தீயுயிர்க்குத் தீங்கு. நிலத்தை உழுதால் மண்ணுயிர்க்குத் தீங்கு. அதனாலன்றோ முனிவர்க்கு மகாவிரதமும் நமக்கு அணுவிரதமும் வகுத்தனர்! ஆயினும் அணுவிரதங்களுக்குக் காவலாகக் குணவிரதங்களை அமைத்தபோது, ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்த தண்ட விரதம் என்பதையும் கூறினார். அதன் பொருளைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பைப் பயின்றோரும் இதனை அறிவர். வாழ்வுக்குத் தேவையில்லாத, எப்பயனும் தாராத தீங்கை விலக்குதல் என்பதே இவ்விரதம்.

அவ்வகைத் தீங்கை ஐந்தாக வகுத்துள்ளனர். பாவச் செயலைப் பிறர்க்குக் கற்பித்தல், கொலைக்கருவிகளை வழங்குதல், பிறர்க்குக் கேடு நினைத்தல், உள்ளத்தைக் கெடுக்கும் கதைகளைக் கேட்டல், கவனமின்றி நடத்தல் என்பன அவை. கவனமின்றி நடத்தலாவது, பயனில்லாமல் நிலத்தைத் தோண்டுவதும் நீரை இறைப்பதும் தீ வளர்ப்பதும் செடிகொடிகளை வெட்டுவதும் ஆகும்.

வாசகர்கள் இவ்வைந்தையும் ஹாலோவீன் கடை ஒன்றின் முன் நின்று எண்ணிப் பார்க்கட்டும். பொம்மைக் கத்தியும் கோடரியும் இரண்டாவதை நினைவூட்டுகின்றன. கொடூரத் திரைப்படங்கள் நான்காவதை நினைவூட்டுகின்றன. வெட்டி எறியும் பறங்கிக்காயும், விரித்து மறக்கும் வலையும், இரவெல்லாம் எரியும் விளக்குகளும் ஐந்தாவதன் உருவங்களே. இன்று உலகெங்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று பேசப்படுவதன் பெரும்பகுதி, பயனில்லாத தீங்கைச் செய்யாதே என்னும் இவ்வொரு விரதத்தில் அடங்கிவிடுகிறது.

நம் வாயிலில் வெடித்தது

இவ்வாறெல்லாம் எண்ணிப் பிறர் விழாவை அளந்துகொண்டிருந்த எனக்கு, அன்று மாலைப் பேச்சின் முடிவில் பேத்தி கேட்ட மற்றொரு வினா நினைவுக்கு வந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே எங்கள் தெருவில் சரவெடி ஒன்று வெடித்தது.

"அது என்ன சத்தம், தாத்தா?"

"பட்டாசு, அம்மா."

"பறவைகள் பயப்படாதா?"

"சிறிது நேரந்தான்" என்று கூறிப் பேச்சை மாற்றினேன். அந்தச் சரவெடி நான் வாங்கியது. அண்டை வீட்டுச் சிறுவர் மனம் நோகக்கூடாதென்று ஆண்டுதோறும் ஒரு பெட்டி வாங்கித் தருவது என் வழக்கம். ஞான ஒளி மறைந்ததே என்று வருந்தி மன்னர்கள் விளக்கேற்றிய நாள் என மரபு கூறும் அந்நாளில், என் காசு எங்கள் தெருவிலிருந்த அத்தனை பறவைகளையும் மரத்தைவிட்டு விரட்டியது. என் பேத்தியின் மிட்டாய்ப் பையை நிறுக்க நான் எடுத்த துலாக்கோலில் முதலில் வைக்கவேண்டியது என் பட்டாசுப் பெட்டியைத்தான்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைச் சூழ்ந்த வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி ஆகிய ஊர்களில் மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாய்க்கு வந்து கூடு கட்டும் பறவைகள் அஞ்சக்கூடாது என்பதே காரணம். அவர்கள் தீபாவளியைக் கைவிட்டுவிடவில்லை. புத்தாடை உண்டு, இனிப்பு உண்டு, மகிழ்ச்சி உண்டு. பறவைகளின் அச்சம் மட்டும் இல்லை.

இதுவே எனக்கு வழி காட்டிற்று. நான்கு வகைத் தானங்களாகிய ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்பவற்றுள் அபயதானம் என்பது அஞ்சாமையை ஈதல். விழாவில் எளிமை என்றால் செலவைக் குறைத்தல் என்றே பலர் எண்ணுகின்றனர். செலவைக் குறைப்பது சிக்கனம், அது நன்றே. ஆனால் எளிமையின் உயிர் அதுவன்று. என் மகிழ்ச்சியினால் எவ்வுயிரும் அஞ்சக்கூடாது என்று எண்ணி நடப்பதே எளிமை. அவ்வாறு நடக்கும் எந்த விழாவும், எந்நாட்டு விழாவாயினும், நமக்கு அயலன்று. அவ்வாறு நடவாத விழா, நம் விழாவேயாயினும் நமக்கு உரியதன்று.

முற்றும் விலக்குவது மேலன்றோ?

'ஐயத்திற்கு இடமான ஒன்றை முற்றும் விலக்கிவிடுவதே சிறப்பன்றோ?' என்று பெரியவர்கள் கேட்பர். அவர்கள் கருத்தை நான் மதிக்கிறேன். விலக்க விரும்பும் குடும்பம் விலக்கட்டும். அதில் குறை கூற ஒன்றும் இல்லை. ஆனால் விலக்கும்போது, 'அவர்கள் பேயை வணங்குவோர்' என்று குழந்தையின் செவியில் ஓதி விலக்கினால், ஒரு தீங்கை நீக்கி மற்றொரு தீங்கை விதைத்தவர்கள் ஆவோம். அயலார் விழாவிலும் ஒரு பக்கத்து மெய்ம்மை இருக்கக்கூடும் என்பதன்றோ அநேகாந்தம் நமக்குக் கற்பிப்பது?

மேலும், குழந்தை விலகி நிற்பதனால் ஒரு பறங்கிக்காயும் குப்பைமேட்டிலிருந்து மீளப்போவதில்லை. அறிந்து கலந்துகொள்ளும் குழந்தையைக் கண்டு அண்டை வீட்டார் ஒருவர் வலையை விரிக்காமல் விடக்கூடும். மறைத்து வைக்கப்பட்ட விரதத்தைவிட, நடந்து காட்டப்பட்ட விரதம் பலர்க்குப் பயன்படும்.

செய்யத் தக்கவை

கடல் கடந்து வாழும் நம் குடும்பத்தார் எளிதில் கைக்கொள்ளக் கூடியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

பறங்கிக்காய் ஒன்று போதும். குடைவதற்கென்று விற்கும் பெரிய காயில் நீர் மிகுதி, சுவை குறைவு. சமையலுக்கென்று விற்கும் சிறிய காயை வாங்கி, வெட்டாமலே அரிசிமாக் கரைசலால் அதன்மேல் கண்ணும் வாயும் வரையலாம். வெட்டாத காய் பல நாள் கெடாது. விழா முடிந்ததும் கழுவிக் கூட்டோ குழம்போ வைக்கலாம். விதையை வறுத்து உண்ணலாம். முன்பே குடைந்துவிட்ட காயாயின், உள்ளே மெழுகுவத்தி ஏற்றி விட்டில்களை அழைக்காமல், சிறு எல்.இ.டி. விளக்கை வைத்துப் பின்னர்க் காயை எருக்குழியில் இடலாம். இல்லினாய் மாநிலத்தில் ஊர்தோறும் மக்கள் தங்கள் காய்களைக் கொணர்ந்து ஒன்றுசேர்த்து எருவாக்குகின்றனர். பிற மாநிலங்களிலும் இவ்வழக்கம் பரவியுள்ளது.

வேடத்திற்குப் புதிய உடை வேண்டியதில்லை. பழைய பருத்திப் புடவையும் வேட்டியும் அட்டைப் பெட்டியும் கொண்டு மரமாகலாம், நிலவாகலாம், பறவையாகலாம். சென்ற ஆண்டு உடையை நண்பர் குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளலாம். வாங்குவதற்குத் துணிப்பை போதும். செயற்கைச் சிலந்தி வலையை மட்டும் எக்காரணத்தாலும் வாங்க வேண்டாம்.

நம் வாயிலுக்கு வரும் குழந்தைகளுக்கு, ஜெலட்டினும் பூச்சிச் சாயமும் இல்லாதவற்றை உறையைப் படித்துப் பார்த்து வாங்கி வழங்கலாம். சிறு அட்டைப்பெட்டியில் வரும் உலர்திராட்சையும் பென்சிலும் தகும். ஒவ்வாமை உடைய குழந்தைகளுக்காக நீலப்பச்சை வண்ணம் தீட்டிய பறங்கிக்காயை வாயிலில் வைத்து, உணவல்லாத சிறு பொருள்களை வழங்கும் இயக்கம் ஒன்று 2014 முதல் அமெரிக்கா முழுவதும் நடைபெறுகிறது. நிலக்கடலை ஒன்றினாலேயே உயிருக்கு ஊறு நேரக்கூடிய குழந்தைக்கு அந்த வாயில் அபயம் அளிக்கிறது.

குழந்தைகள் இருளில் தெருவைக் கடக்கும் இரவு அது. 1975 முதல் 2016 வரையான விபத்துகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, ஹாலோவீன் மாலையில் தெருவில் நடப்போர் வாகனத்தில் அடிபட்டு இறக்கும் வாய்ப்பு மற்ற மாலைகளைவிட 43 விழுக்காடு மிகுதி என்று கண்டது. ஆகவே அன்று வாகனத்தை எடுக்காமல் இருப்பதும், எடுத்தால் மெல்ல ஓட்டுவதும்கூட அபயதானமே.

இறுதியாக, 'தருகிறாயா, குறும்பு செய்யட்டுமா' என்னும் பொருளில் குழந்தைகள் வாயிலில் நின்று கூவுவர். அச்சத்தால் கொடுப்பது தானமாகாது. அச்சுறுத்திப் பெறுவதும் இரத்தலாகாது. நம் குழந்தைகள் வணக்கம் கூறிக் கேட்கட்டும். பெற்றபின் நன்றி கூறட்டும்.

விடியும் வரை

அன்று நள்ளிரவு கடந்து பேத்தியை அழைத்தேன். "போய் வா, அம்மா. ஆனால் மூன்று செய்திகள். குருதி வேடம் வேண்டாம். உன்னைவிடச் சிறிய குழந்தையை அச்சுறுத்தாதே. அங்கே ஆறு மணிக்குமுன் கதிரவன் மறைந்துவிடுவான், அதன்பின் பெறுவது எதையும் விடியும் வரை உண்ணாதே" என்றேன். மூன்றாவதைக் கூறும்போது எனக்கே குரல் தளர்ந்தது. கை நிறைய இனிப்போடு எட்டு வயதுக் குழந்தை இரவைக் கழிப்பது சிறிய தவமன்று.

மறுநாள் மாலை அவளே அழைத்தாள். பாட்டியின் பழைய வெள்ளைப் புடவையில் நிலவாகச் சென்றிருக்கிறாள். வெட்டாமல் இருந்த பறங்கிக்காயில் அவள் தாய் அரிசிமாவால் முகம் வரைந்து தந்திருக்கிறாள். விடிந்தபின் தாயும் மகளும் உறைகளைப் படித்துப் பார்த்ததில் பையில் பாதி விலக்கத் தக்கதாக இருந்ததாம். "எஞ்சியதில் ஒன்று மட்டும் சாப்பிட்டேன், தாத்தா. இரவு முழுவதும் பை என் தலைமாட்டிலேயே இருந்தது" என்றாள். பின்னர்ச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பட்டாசு நீங்கள் வாங்கியதா?" என்று கேட்டாள்.

"ஆம், அம்மா" என்றேன்.

2025இல் தீபாவளி அக்டோபர் 20ஆம் நாளில் வந்தது. நான் பட்டாசு வாங்கவில்லை. அண்டை வீட்டுச் சிறுவர்களை அழைத்து ஆளுக்கு ஓர் அகல் கொடுத்துத் திண்ணையில் ஏற்றச் சொன்னேன். ஒரு சிறுவன் முகம் வாடினான், மற்றவர்கள் வாடவில்லை. எங்கள் வேப்பமரத்தில் அன்று மாலையும் பறவைகள் வந்து அடைந்தன.

யாருடைய விழா என்று கேட்பதை விடுத்து, யார் அஞ்சுகிறார்கள் என்று கேட்போம். நம் மகிழ்ச்சியைக் கண்டு ஓருயிரும் அஞ்சாத நாளே நமக்குத் திருநாள்.